பெயர் போட வேண்டாம் என்று எழுதினாயே

அன்புள்ள தம்பிக்கு,

வசந்தியும் பிள்ளையும் சுகம். இதை முதல் வரியில் எழுதாவிட்டால் நீ மிச்சத்தை ஒழுங்காக வாசிக்க மாட்டாய், பக்கம் பக்கமாகப் புரட்டி அவர்களுடைய சுகத்தைத்தான் தேடுவாய் என்று எனக்குத் தெரியும். கொழும்பு மாமா இதற்குள் டெலிபோன் எடுத்துப் பெண் பிள்ளை பிறந்த செய்தியைச் சொல்லியிருப்பார். ஆனால் அவர் டெலிபோனில் பேசுவதும் தந்தி அடிப்பதும் ஒன்றுதான். பிள்ளை எப்படிப் பிறந்தாள், யார் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், நாங்கள் அன்று என்ன பாடு பட்டோம் என்பதெல்லாம் அவருக்கும் தெரியாது. நாளைக்குக் கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து கொழும்புக்குப் போகிற ஒருவர் இந்தக் கடிதத்தை அங்கே தபாலில் சேர்க்கிறேன் என்றிருக்கிறார். பிள்ளை பால் குடித்துவிட்டு நித்திரை. வசந்தியும் அவளோடு கண்ணயர்ந்துவிட்டாள். உன் அப்பா தோட்டத்துக்குப் போய்விட்டார். வீட்டில் இப்படி ஓர் அமைதி கிடைப்பது இப்போது அபூர்வம், அதனால் ஆறுதலாக எழுதுகிறேன். நீயும் வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக வாசி.

எங்கள் ஊர்ச் சேவைக் கழகத்தை நீ ‘திறப்பு விழாக் கழகம்’ என்று பகிடி பண்ணுவாய். அதன் செயலாளரான உன் அப்பாவின் முகம் சுருங்கும். நான் அடுப்படியில் நின்று சிரிப்பேன். சிரிக்காமல் என்ன செய்வது? வயதானவர்களுக்குக் கண்ணாடி கொடுத்தால் விழா, கிணறுகளுக்கு மருந்து போட்டால் விழா. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் சிக்கனமாக எரிக்கவென்று ஜாம் போத்தலில் விளக்குச் செய்து வீடு வீடாகக் கொடுத்தார்களே, அதற்கும் ஆள் உயரக் குத்துவிளக்கில் எண்ணெயை ஊற்றி ஏற்றி ஒரு விழா. பஸ் ஓட்டம் நின்றுபோன காலத்தில் பிரதான வீதியில் பஸ் தரிப்பு நிலையம் கட்டி, காசு தந்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அதில் இன்றைக்கும் படுத்திருப்பவை ஆடுகள். ‘ஆடுகளுக்கு வாசிக்கத் தெரிஞ்சால் நல்லது’ என்று நீ சொன்னாய். அப்பா அதன்பிறகு சில நாள் உன்னோடு கதைக்கவே இல்லை.

எனக்குப் பகிடியைத் தாண்டிய கோபமும் ஒன்று இருந்தது. நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்குக் கழகத்தார் தண்ணீர்த் தாங்கி கட்டித் தந்தார்கள். கட்டி முடித்து, தண்ணீர் நிரப்பி, குழாயும் பூட்டியாயிற்று. விழாவுக்கு வரவிருந்த பிரதம விருந்தினருக்கோ காய்ச்சல். அவர் எழும்பி வந்து நாடா வெட்டும்வரை குழாயைத் துணியால் சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் தாங்கியைப் பார்த்துக்கொண்டே வீதியைக் கடந்து எதிர் வளவுக் கிணற்றில் தண்ணீர் குடித்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடான் என்று நான் எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன். அது தலைவர் காதுக்கும் போயிற்று. தலைவரை உனக்குத் தெரியும், இளைப்பாறிய போஸ்ட் மாஸ்ரர். வெள்ளை வேட்டியும் மடிப்புக் குலையாத சால்வையும் இல்லாமல் அவரை அவர் வீட்டு நாய்கூடக் கண்டிருக்காது. அதற்குப் பிறகு வீதியில் என்னைக் கண்டால் ‘ரீச்சர் சுகமோ’ என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நில்லாமல் சைக்கிளை மிதித்துவிடுவார்.

அம்புலன்ஸ் வண்டி செய்கிற யோசனையும் அவருடையதுதான். சண்டையும் தடையுமாகப் பெற்றோல் கண்ணிலும் காணக் கிடையாது. மண்ணெண்ணெயில் கார் ஓட்டுகிறவர்களுக்கும் அது கிடைத்த அன்றைக்குத்தான் ஓட்டம். வருத்தக்காரரைச் சைக்கிள் கரியரில் இருத்தி, விழாமல் துவாயால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மிதிக்கிறவர்களை நீயும் கண்டிருக்கிறாய். ஆகவே கழகத்தார் ஒரு வண்டி செய்தார்கள். இரண்டு மோட்டார் சைக்கிள் சில்லு, அதற்குமேல் நீளமான கட்டில், இரு பக்கமும் பலகை, மழைக்கும் வெயிலுக்கும் மேலே படங்கு. முன்னால் சைக்கிளில் கொழுவி ஒருவர் இழுக்கலாம், பின்னால் ஒருவர் தள்ளலாம். நல்ல வேலை, அதில் நான் குறை சொல்ல மாட்டேன். குறை வந்தது பெயர் எழுதுவதில். சில்லுக்குக் காசு தந்தவரின் பெயர் மேலே வருவதா, படங்குக்குத் தந்தவரின் பெயர் மேலே வருவதா? எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்த அந்தக் கூட்டத்துக்குத் தேத்தண்ணி ஊற்றியே நான் களைத்துப்போனேன். கடைசியில் தலைவர் தீர்ப்புச் சொன்னார். வெளிப்பக்கம் கழகத்தின் பெயர் மட்டும். தந்தவர்களின் பெயர்கள் உட்பக்கப் பலகைகளில், ஒரே வரிசையில், ஒரே அளவு எழுத்தில். ஒருவருக்கு மேல் ஒருவர் இல்லை. எல்லாருக்கும் திருப்தி. படங்கு மூடிய வண்டிக்குள் கிடக்கிற வருத்தக்காரனைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயர்களை வாசிக்க முடியாது என்பது அவ்வளவு பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வரிசையில் உன் பெயர் இல்லை. கனடாவில் வேலை கிடைத்ததும் வண்டிக்கென்று காசு அனுப்பியபோது ‘என் பெயர் போட வேண்டாம்’ என்று எழுதியிருந்தாயே. அப்பா அதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினார். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று தலைவரே எழும்பி நின்று உன்னைப் புகழ்ந்தார். எனக்கும் பெருமைதான். பெயருக்கு அலைகிற கூட்டத்துக்குள் என் பிள்ளை ஒருவனாவது வேண்டாம் என்கிறானே என்று தேத்தண்ணிக்கு இன்னொரு கரண்டி சீனி கூடப் போட்டேன். உனக்குரிய இடத்தில் பெயின்ரர் ‘நலன்விரும்பி’ என்று எழுதினான்.

விழா வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் என்று முடிவாயிற்று. வண்டியைச் சனசமூக நிலைய மண்டபத்துக்குள் நிறுத்தி, வாழைக்குலை கட்டிச் சோடித்து, வாசலுக்குக் குறுக்கே சிவப்பு நாடாவும் கட்டிப் பூட்டிவிட்டார்கள். வியாழக்கிழமை காலை வசந்திக்குப் பேற்று நோ தொடங்கியது. அவளுடைய தாய் தகப்பன் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருக்கிறார்கள் அல்லவா, அதனால் தலைப்பிள்ளைப் பேற்றை நாங்கள்தான் பார்ப்போம் என்று நானே கேட்டு வாங்கிய பொறுப்பு அது. மத்தியானம் மருத்துவமாது வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அவளுடைய முகம் மாறியது.

“ரீச்சர், பிள்ளை குறுக்கை கிடக்கு. இஞ்சை வைச்சுப் பாக்க ஏலாது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. கெதியாக் கொண்டு போங்கோ.” பிறகு என்னை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், பிந்தினால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று மெல்லச் சொன்னாள்.

கார்க்காரரிடம் ஆள் அனுப்பினோம். கார் விடியவே கிளாலிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம். கார்த்திகை மாத மழை விடாமல் கொட்டியது. உன் அப்பா விறாந்தையின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

“வண்டி நிக்குதெல்லே?” என்றேன்.

“அது நாளைக்கெல்லோ திறப்பு?” என்றார்.

தம்பி, அவரோடு எவ்வளவு காலமாகக் குடும்பம் நடத்துகிறேன். அந்த ஒரு சொல்லுக்கு வந்த கோபம் எனக்கு அதுவரை வந்ததில்லை. “உங்கடை திறப்பு விழாவுக்கு முதல் இஞ்சை செத்தவீடு வைக்கப் போறியளோ?” என்று கேட்டுவிட்டேன். வசந்தி உள்ளே கிடக்கும்போது சொல்லக்கூடிய சொல்லா அது? அவர் பாவம், பயத்தில் புத்தி மரத்துப்போய்ச் சொன்னது. மழைக் குளிரில் அவருக்குத் தொய்வு வேறு தொடங்கி மூச்சு இழுத்தது. அவரை வசந்திக்குக் காவலாக இருத்திவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்கு நானே போனேன்.

போகிற வழியெல்லாம் அவரை ஏசுவதற்கு வசனம் சேர்த்தேன். குழாயில் சுற்றிய துணியில் தொடங்கி ஆடு படுக்கிற பஸ் தரிப்பு நிலையம்வரை ஒன்றையும் விடுவதில்லை என்று நினைத்தேன். அவர் மாட்டேன் என்றுதான் சொல்வார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவர் பல்லி சொன்னாலே பயணத்தைத் தள்ளிவைக்கிற மனிதர். அன்றைக்கோ வியாழக்கிழமை, நான் படலையைத் திறந்தபோது இராகுகாலம் தொடங்கியிருந்தது. அவர் சாப்பிட்டு முடித்து, வெறும் மேலும் சாரமுமாக, வாயில் வெற்றிலையோடு வெளியே வந்தார். நான் வாயைத் திறந்தேன். “வசந்திக்கு, பிள்ளை குறுக்கை...” என்றதும் அழுகை வந்துவிட்டது. சேர்த்து வைத்த ஏச்சில் ஒரு சொல்கூட வரவில்லை.

“எப்ப நோ துவங்கினது?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். உடனே உள்ளே திரும்பி, “இஞ்சேரும், மண்டபத்துப் பூட்டுத் திறப்பை எடும்!” என்று சத்தம் வைத்தார்.

“ராகுகாலமப்பா. கொஞ்சம் பொறுத்து...” என்று உள்ளேயிருந்து அவருடைய மனைவி சொன்னார்.

“ஆபத்துக்குப் பாவமில்லை. திறப்பை எடும்!”

சால்வையைத் தேடவில்லை, சட்டை போடவில்லை. என் குடைக்குள்ளும் வரவில்லை. மண்டபத்தைத் திறந்து, வாசலில் கட்டிய நாடாவைப் பிடித்து இழுத்தார். அது நல்ல நைலோன் நாடா, அறவில்லை. கத்தரிக்கோல் விழாத் தட்டத்தோடு வேறு யாருடைய வீட்டிலோ இருந்தது. குனிந்து பல்லால் கடித்து அறுத்தார். வெற்றிலைச் சிவப்பும் நாடாச் சிவப்புமாக அவர் நின்ற கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, இப்போது எழுதும்போது வருகிறது.

கழகத்து இளந்தாரிகள் இரண்டு பேர் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். வாழைக்குலைகளை இறக்கி எறிந்துவிட்டு வண்டியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து வசந்தியை ஏற்றினோம். அப்பாவும் வர வெளிக்கிட்டார். “நீர் வீட்டிலை நில்லும் ஐசே. நீர் இழுத்து இழுத்து வந்தால் உமக்கு இன்னொரு வண்டி செய்யவேணும்” என்று தலைவர் அவரை நிறுத்திவிட்டார். நான் பாரமாக இருப்பேன், பின்னால் நடந்து வருகிறேன் என்றேன். “கதைக்க நேரமில்லை, ஏறுங்கோ ரீச்சர்” என்றார். வசந்தியின் தலைமாட்டில் ஒடுங்கி இருந்தேன். ஒரு பொடியன் இழுக்க, மற்றவன் தள்ள, தலைவர் தன் சைக்கிளில் முன்னுக்குப் போனார். கொட்டுகிற மழையில் மணியை அடித்து அடித்து “விலத்துங்கோ! விலத்துங்கோ!” என்று கத்திக்கொண்டே போனார்.

கோப்பாய் தாண்டிப் பள்ளத்தில் வெள்ளம் வீதியை மூடி நின்றது. வண்டி இறங்கினால் படுக்கைக்குத் தண்ணீர் வந்துவிடும். தலைவர் கத்திய சத்தத்தில் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்கள் ஆட்களைத் தெரியும்தானே, உயிர் போகிற நேரத்திலும் முதற்கேள்வி யாருடைய பிள்ளை என்பதுதான்.

“ஆற்றை பிள்ளை?”

“நீர்வேலி ரீச்சற்றை மருமகள்.”

“புருஷன் எங்கை?”

“கனடாவிலை.”

அதற்குமேல் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கோயிலில் சாமி தூக்குவது போல வண்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வெள்ளத்தைக் கடந்தார்கள். தண்ணீர் அவர்கள் இடுப்புக்கு வந்தது. நானும் உள்ளே இருந்தபடியால் என்னையும் சேர்த்துத்தான் தூக்கினார்கள். மறுகரையில் இறக்கிவிட்டுத் தங்கள் பாட்டில் திரும்பிப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. தெரியாதது இன்றைக்கும் மனதுக்குள் உறுத்துகிறது.

இருபாலைப் பக்கம் வரும்போது நோவுக்கு ஓர் இடைவெளி கிடைத்தது. வசந்தி பக்கப் பலகையைப் பார்த்தபடி கிடந்தாள். படங்கு மூடிய வண்டிக்குள் பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது? நீல எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். லண்டனில் இருக்கிற டொக்டர், சந்தைக் கடைக்காரர், செத்துப்போன மனைவியின் ஞாபகமாகத் தந்தவர், எல்லாரையும் வாசித்தாள். உன் பெயரைக் காணாமல் என்னைப் பார்த்தாள்.

“மாமி, உதுக்கை இவற்றை பேர் எங்கை?”

நான் பெருமையோடுதான் சொன்னேன். “அவன் தன்ரை பேர் வேண்டாமெண்டு எழுதினவனெல்லே பிள்ளை. உந்தா, நலன்விரும்பி எண்டு கிடக்கு, பார்.”

அவள் அந்த எழுத்தைப் பார்த்தாள். அடுத்த நோ வந்தது. பலகையைப் பிடித்து முறுக்கி, பல்லைக் கடித்து, அது அடங்கியபிறகு சொன்னாள்:

“நான் நலன்விரும்பியைக் கலியாணம் கட்டேல்லை மாமி.”

தம்பி, பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு அடக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். அவளுடைய நெற்றியைத் துடைத்துவிடுவதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. உயிருக்குப் போராடிக்கொண்டு போகிற அந்த வழியில் ஊரில் இருக்கிறவன், சீமையில் இருக்கிறவன், செத்துப்போனவள் எல்லாரும் அவளுக்குத் துணையாகப் பக்கத்தில் வந்தார்கள். நீ மட்டும் இல்லை. நீ அனுப்பிய காசு அவளுக்குக் கீழே சில்லாகவோ கட்டிலாகவோ இருந்திருக்கும். அவள் தேடியது அதை இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஒரு தாதி ஓடி வந்து வசந்தியின் கையைப் பிடித்தாள். பிடித்தவள் கத்தினாள். “ஐயோ, கை நீலம் பாரிச்சுக் கிடக்கு! டொக்டரைக் கூப்பிடுங்கோ!” நாலு பேர் ஓடி வந்து, வசந்தியைத் தூக்கிப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். டொக்டர் கையைத் திருப்பிப் பார்த்து, மணந்தும் பார்த்தாராம். “இது பெயின்ற் எல்லே?” என்று கேட்டாராம். கழகத்தார் விழாவுக்கென்று கடைசி நேரத்தில் எழுதிய பெயர்கள் கார்த்திகை ஈரத்தில் காயவே இல்லை. வசந்தியின் உள்ளங்கையில் யாரோ ஒரு புண்ணியவானின் பெயர் பாதி எழுத்தில் கிடந்தது. தாதிமார் சிரித்தார்களாம், ஆனால் வயிற்றில் கை வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டதாம். நேரே ஒப்பிரேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

வெளியே போட்டிருந்த மர வாங்கில் நானும் தலைவரும் இருந்தோம். அவருடைய சாரத்திலிருந்து தண்ணீர் வடிந்து நிலத்தில் ஓடியது. யாரோ இரங்கி ஆஸ்பத்திரிப் போர்வை ஒன்றைக் கொடுத்தார்கள். அதைப் போர்த்துக்கொண்டு நடுங்கினார். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்க்காமலே கதைத்தார்.

“பள்ளிக்கூடத் தாங்கிக்கு நீங்கள் சொன்னது என்ரை காதுக்கும் வந்தது ரீச்சர். குழாயைக் கட்டி வைச்சது பிழைதான். ஆனால் ஒண்டு கேளுங்கோ. காசு தாறவனுக்குத் திருப்பிக் குடுக்க எங்களிட்டை என்ன கிடக்கு? ஒரு மாலை, ஒரு பேர். தூரத்திலை இருக்கிறவன் தன்ரை பேர் இஞ்சை ஒரு மூலையிலை கிடக்கெண்டு நினைச்சுத்தான் அடுத்த முறையும் தாறான். அவனும் பாவந்தானே.”

நான் “ஓம்” என்றேன். வசந்தி வண்டிக்குள் சொன்னதைக் கேட்டிருக்காவிட்டால் அந்த ஓம் என் வாயிலிருந்து வந்திருக்காது.

பிறகு கதவு திறந்தது. “பொம்பிளைப் பிள்ளை. தாயும் சுகம், பயமில்லை” என்று தாதி சொன்னாள். தலைவர் எழும்பி நின்றார். போர்வையைச் சால்வை மாதிரித் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, “விழா முடிஞ்சுது ரீச்சர். நன்றியுரை நீங்கள்தான் சொல்லவேணும்” என்றார். நான் அந்த நிலத்திலேயே இருந்துவிட்டேன். மழைத் தண்ணீர், சேறு ஒன்றும் தெரியவில்லை. சிரித்தேனா அழுதேனா என்றும் தெரியாது. நெஞ்சுக்குள் காலையிலிருந்து ஏற்றி வைத்திருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கிவிட்டார்கள். நீ பிறந்த அன்றைக்குக்கூட நான் இவ்வளவு சந்தோஷப்படவில்லை, கோபிக்காதே. அன்றைக்கு எனக்கு நோ ஒன்றுதான் இருந்தது, பயம் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விழா குறித்த நேரத்தில் நடந்தது. நான் ஆஸ்பத்திரியில் நின்றேன், அப்பா வந்து சொல்லித்தான் தெரியும். புது நாடா கட்டுவோமா என்று கேட்டவர்களுக்குத் தலைவர், “நேற்றே திறந்தாச்சு. இண்டைக்குச் சாப்பாடு மட்டுந்தான்” என்றாராம். அவருடைய வாழ்நாளில் அதைவிடச் சிறிய தலைமையுரை பேசியிருக்க மாட்டார். வசந்தி பிடித்து முறுக்கிய இடத்தில் சில பெயர்கள் இழுபட்டு அழிந்துபோயிருந்தன. அவர்களெல்லாம் சண்டைக்கு வருவார்கள் என்று அப்பா பயந்துகொண்டு போயிருக்கிறார். நடந்ததோ வேறு. பிள்ளைத்தாச்சி பிடித்தது தங்கள் பெயரைத்தான் என்று அவர்களுக்கு ஊர் முழுக்கப் பெருமை. அழியாமல் இருந்தவர்களுக்குத்தான் மனவருத்தம். எங்கள் சனத்தை என்ன சொல்வது, தம்பி?

அழிந்த பெயர்களைத் திருப்பி எழுதப் பெயின்ரர் வந்தபோது நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். நேரே மண்டபத்துக்குப் போய், நலன்விரும்பியை அழித்துவிட்டு உன் பெயரை எழுதச் சொன்னேன். அப்பா மறித்தார். “அவன் வேண்டாமெண்டவனெல்லே?” என்றார். “அவனுக்கு வேண்டாமெண்டால் எனக்கும் வேண்டாமோ?” என்று கேட்டேன். பெயின்ரர் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தூரிகையைத் தொட்டான். யார் சொல்லைக் கேட்பது என்று அவனுக்குத் தெரியும். லோகேந்திரன் என்று முழுப்பெயரும் எழுதியாயிற்று. இந்த முறை காயும்வரை யாரையும் கிட்ட விடவில்லை.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். பெயர் வேண்டாம் என்று நீ சொன்னது நல்ல மனதோடுதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அடக்கம் வேறு, ஒளித்திருப்பது வேறு. கலியாணம் முடிந்த கையோடு ஏஜென்சிக்காரனோடு போனவன் நீ. போக வேண்டிய நிலைமை, அதை நான் குறை சொல்லவில்லை. போன இடத்திலிருந்து நீ எழுதுகிற கடிதங்களைத்தான் சொல்கிறேன். ‘நான் நலம், யோசிக்க வேண்டாம், காசு அனுப்பியிருக்கிறேன்.’ அவற்றையும் ஒரு நலன்விரும்பி எழுதலாம். நீ எங்கே படுக்கிறாய், யாருடைய கோப்பைகளைக் கழுவுகிறாய், குளிரில் கை வெடிக்கிறதா, யாரோடு கோபம், யாரோடு சிநேகம், ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குக் கவலை வரக்கூடாது என்று மறைக்கிறாய். நீ மறைக்கிறாய் என்பதே அவளுக்குக் கவலை. சாப்பாட்டுக்கு உப்புக் கூடியது என்றாவது அவளுக்கு எழுது. அவளோடு சண்டை பிடித்தும் எழுது. புருஷன் என்று ஓர் ஆள் இருப்பது அவளுக்குத் தெரியட்டும். கொடுக்கிற கையை ஊருக்கு மறைக்கலாம், வீட்டுக்கு மறைக்கக்கூடாது. இந்த வயதில் நான் புதிதாகப் படித்தது இதுதான், உனக்கும் சொல்லித் தருகிறேன்.

இன்னும் ஒன்று சொல்ல இருக்கிறது. வண்டி இப்போது ஓய்வில்லாமல் ஓடுகிறது, பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்து கேட்கிறார்கள். முந்தாநாள் பின்னேரம் சிறுப்பிட்டியிலிருந்து ஒரு மனிதர் எங்கள் படலையில் வந்து நின்றார். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். முன்பின் கண்டறியாத ஆள்.

“லோகேந்திரன் எண்டது இந்த வீடோ?”

நீ போன பிறகு உன் பெயரைச் சொல்லிக்கொண்டு இந்தப் படலைக்கு ஒருவரும் வந்ததில்லை. ஓம் என்று படலையைத் திறந்தேன். அவரே சொன்னார்.

“எனக்கு நெஞ்சுநோ வந்து உங்கடை வண்டியிலைதான் கொண்டு போனவை. கிடக்கேக்கை கண்ணுக்கு நேரை அந்தப் பேர்தான் தெரிஞ்சது. வேறை பாக்க ஒண்டுமில்லை. ஆஸ்பத்திரி மட்டும் அதையே வாசிச்சுக்கொண்டு போனனான். உயிரோடை திரும்பினால் ஆளைத் தேடிப் பாக்கிறதெண்டு நினைச்சனான். அவர் ஆர்?”

“என்ரை மகன்” என்றேன். “கனடாவிலை இருக்கிறான்.”

அவர் முருங்கைக்காயை என் கையில் தந்துவிட்டு, நல்லாயிருப்பான் என்று சொல்லிப் போனார். நான் படலையைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். அறைக்குள் வசந்தி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, “கேட்டனீங்களோ? உங்கடை அப்பாவைத் தேடி ஆள் வந்திட்டுப் போகுது” என்று அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மா